கசப்பு தெரியவில்லை என்றார்

முகமூடி முகத்தில் கசிவில்லாமல் பொருந்துகிறதா என்று சோதிப்பது என் வேலை, ஃபிட் டெஸ்ட் என்பார்கள். தீயணைப்பு வீரர்களோடு எனக்கு வரும் சண்டையெல்லாம் தாடியைப் பற்றித்தான். முகமூடியின் ஓரம் தோலில் படியும் இடத்தில் முடி இருந்தால் சோதனையே கிடையாது, ஷேவ் செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடலாம். 'சிலிண்டர் காத்து முகமூடிக்கு உள்ளேயிருந்து வெளியேதானே தள்ளுது, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?' என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: மூச்சு வாங்க ஓடும்போது ஒரு கணம் அந்த அழுத்தம் குறையலாம். முழு முகமூடிக்கு மெஷின் 500 காட்ட வேண்டும், அதாவது உள்ளே இருப்பதைப்போல 500 மடங்கு துகள் வெளியே இருக்க வேண்டும்; 480 என்றால் ஃபெயில். அதில் யாருடைய வாய்வார்த்தைக்கும் இடமில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்களின் என்95 மாஸ்க்குக்கு பிட்ரெக்ஸ் என்ற கசப்புக் கரைசலை வைத்துச் செய்தோம். தலையில் ஹூட், துளை வழியே கசப்பு மருந்தைத் தெளிப்போம், தெரிந்தால் அவர்களே சொல்ல வேண்டும். அவர்களில் ஒரு பெண்ணுக்கு, மாஸ்க் இல்லாமல் பார்த்தபோது தெளிப்பானின் முதல் 10 அழுத்தலுக்குள்ளேயே கசந்துவிட்டது. கூர்மையான நாக்கு. மாஸ்க்கோடு குனிந்து நிமிரும்போது அவர் எச்சில் விழுங்கினார், புருவம் லேசாகச் சுருங்கியது. கேட்டேன். "இல்ல சார், ஒண்ணும் தெரியல."

வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் எச்சில் ஊறும்தான். ஆனாலும் மெஷினில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். "என் வாயை விட மெஷின் மேலதான் நம்பிக்கையா சார்?" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெஷினில் 100-ஐத் தாண்டி பாஸ், என்95-க்கு 100 போதும். சந்தேகப்பட்டது தப்பு என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் மெஷினுக்குக் குழாய் சொருகத் துளையிட்ட வேறு மாஸ்க் வேண்டும், அதே மாடல் என்றாலும் இது புதிதாகப் போட்டது. அப்புறம், முதல்முறை மூக்குக் கம்பியை ஒரே கையால் கிள்ளிவிட்டவர், இரண்டாம் முறை கோபத்தில் இரண்டு கை விரல்களாலும் ஓரம்வரை அழுத்தினார். அப்படித்தான் அழுத்த வேண்டும், பயிற்சியில் சொல்வதும் அதுதான். அப்படியென்றால் முதலில் கசிந்திருக்குமோ? கசப்பு தெரிந்தும் மறைத்தாரா, இல்லை உண்மையிலேயே தெரியவில்லையா? ஃபெயில் ஆனால் வேறு சைஸ் பார்ப்போம், அவ்வளவுதானே, இதற்காக யார் பொய் சொல்வார்கள் என்று தோன்றும். ஷிஃப்டை விட்டு வந்து வரிசையில் நிற்பவர்கள் சொல்வார்கள் என்றும் தோன்றும்.

நான் கேட்டது சரிதான், அதில் மாற்றமில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டது சரியா என்றால் தெரியவில்லை. வருடம் ஒருமுறை மறுபடி செய்ய வேண்டிய சோதனை இது. அடுத்த முறை அவரை வேறு யாராவது பார்க்கட்டும் என்று ஒருநாள் தோன்றுகிறது, நானே பார்க்க வேண்டும் என்று மறுநாள்.