'எதிர்காலத்தில் எண்டும் கேட்டிருக்கு, அண்ணா'

2025 நவம்பரில் ஒரு நாள் தம்பி இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து கோல் எடுத்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பதினொன்றரை, அங்கே மாலை ஆறு மணி. எங்கள் ஒபிஸில் இரண்டு வருடம் எனக்குக் கீழே வேலை பழகியவன். மாஸ்டர்ஸ் முடித்து, படித்தவர்களைக் கொஞ்சக் காலம் அங்கே வேலை செய்ய விடும் கிராஜுவேட் விசாவில் வேலை தேடிக்கொண்டிருந்தான். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வியில் நின்றான்: இப்போதோ எதிர்காலத்திலோ ஸ்பொன்சர்ஷிப், அதாவது வேலை விசாவுக்குக் கம்பெனியின் பொறுப்பேற்பு, தேவைப்படுமா?

"இப்ப ரெண்டு வருஷ விசா கையில இருக்குத்தானே? இல்லை எண்டு போடு" என்றேன்.

"எதிர்காலத்தில் எண்டும் கேட்டிருக்கு, அண்ணா."

"முதல்ல இன்டர்வியூ வரட்டும். அப்புறம் பார்ப்பம்."

இன்டர்வியூ வந்தது. மூன்றாவது சுற்றில் விசா எப்போது முடிகிறது என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னான். படிவத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்களாம். அடுத்த நாள் மறுப்புக் கடிதம் வந்தது. "பரவாயில்லை அண்ணா" என்றான். அந்தப் பரவாயில்லைதான் இன்னும் உறுத்துகிறது.

நான் சும்மா சொல்லவில்லை. 2023இல் நானும் அங்கே தேடியவன்தான். 'ஓம்' என்று போட்ட விண்ணப்பங்களுக்குத் தேநீர் ஆறுவதற்குள் மறுப்பு வரும். பெயரைக்கூட யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். அவன் உண்மையைப் போட்டிருந்தால் முதல் சுற்றே கிடைத்திராது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் நான் சொன்னது என் காலத்துக் கணக்கு. அப்போது ஸ்பொன்சர் செய்யத் தேவையான பொதுச் சம்பள வரம்பு வருடம் 26,200 பவுண்ஸ். 2024 ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700 ஆகிவிட்டது. படிப்பு முடித்த கையோடு வேலை விசாவுக்கு மாறுபவர்களுக்குத் தொழிலைப் பொறுத்து 33,400 வரை இறங்கும் சலுகை இருக்கிறது. அதை முன்னமே சொல்லி, 'ஓம், ஆனால் இந்தச் சம்பளத்துக்கு முடியும்' என்று பேசியிருக்கலாம். அந்தச் சலுகையை நான் தேடிப் படித்ததே கடிதம் வந்த பிறகுதான். கேள்வியைச் சரியாக வாசித்தவன் அவன். அனுபவம் என்ற பெயரில் அவன் வாயை அடைத்தவன் நான்.

காலி வீதியில் மரக்கறி வாங்கும்போது அவனுடைய அம்மாவைக் கண்டேன். "நீங்கள் சொன்னால் கேப்பான், தம்பி, ஒரு வழி காட்டுங்கோ" என்றார். ஓம் அன்ரி என்று தலையாட்டினேன்.

போன கிழமை இன்னொரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். அந்தக் கேள்விக்கு என்ன போட்டான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.