கோணல் கொல்லையிலயும் காய் வரும்

வீட்டுக்குப் பின்னாடி ஒரு பக்கம் அகலமா இன்னொரு பக்கம் குறுகிப்போய் முக்கோணமா கிடந்த துண்டு இடம் இப்ப பச்சப்பசேல்னு நிக்குது, பாக்கப் பாக்க மனசு நிறைஞ்சு போகுது. இடம் சின்னதுன்னு விட்றாதீங்க, மொதல்ல வெயில் எங்க எவ்ளோ நேரம் விழுதுன்னு ஒரு நாள் முழுக்க கவனிங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். தக்காளி, மிளகா, கத்திரிக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேணும், கீரைக்கு 4 மணி நேரமே போதும், அதனால சுவர் நிழல் விழற மூலைய கீரைக்கே குடுத்துட்டேன்.

சுவர ஒட்டி பாத்தி போட்டா அகலம் 2 அடியோட நிறுத்திக்கோங்க, ஒரு பக்கத்துலேர்ந்துதான் கை எட்டும், உள்ள எறங்கி மிதிச்சா மண்ணு இறுகி வேருக்குக் காத்து போகாது.

குறுகலான முனையில கம்பி வலை கட்டி அவரையும் பாகலும் ஏத்திவிட்டேன், தரையில இல்லாத இடம் மேல நிறைய இருக்கே! அவரை காய்ப்பு முடிஞ்சா வேரோட புடுங்காதீங்க, தண்ட மட்டும் வெட்டுங்க. ஒரு செடிய தோண்டிப் பாத்தேன், வேர் பூரா குட்டிக் குட்டி முடிச்சு, கிள்ளினா உள்ள இளஞ்சிவப்பு. அதுக்குள்ள இருக்குற பாக்டீரியாதான் காத்துல இருக்குற நைட்ரஜன புடிச்சு செடிக்கு சத்தா குடுக்குது, வேர் மண்ணுலயே மக்கினா அதுல இருக்குற சத்தும் மண்ணுக்கே போகும், எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க!

காஞ்ச இலைய மண்ணு மேல 2, 3 இஞ்ச் கனத்துக்கு மூடாக்கா போடுங்க, தண்ட ஒட்டாம.

பாகல்ல இப்ப பெண் பூ வருது, பூவுக்குக் கீழயே பிஞ்சு தெரியும். தேனீ வரலன்னா காலையிலயே ஆண் பூவ பறிச்சு பெண் பூ மேல மெதுவா தடவி விடுங்க.