கிளிஞ்சல் மணலில் கறிவேப்பிலை: ஆடி முதல் மார்கழி வரை

ராமநாதபுரம் கடலோரத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எந்த வீட்டுக் கொல்லையிலும் கறிவேப்பிலைக் கன்று வைத்தால் கொழுந்து மஞ்சளாக வரும். நரம்பு மட்டும் பச்சை, நடுவில் வெளிர் மஞ்சள். அடி இலை நன்றாகவே இருக்கும். இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு உண்டு, வேர்தான் எடுக்க முடியாமல் கிடக்கிறது. இதற்காக மூன்று தொட்டி வைத்துப் பார்த்த கணக்கு இது.

ஆடி முதல் வாரம். ஒரு கரண்டி மணலில் வெள்ளை வினிகர் ஊற்றினால் சோடா மாதிரி பொங்கியது, கிளிஞ்சல் தூள் கலந்த மணல். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க வெயிலில் காய்ந்த மணல் 20 கிராம், 5 சதவீத வினிகர் 200 மில்லி, இரண்டு நாள் ஊறல், அவ்வப்போது ஒரு கிளறல். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து எடை போட்டால் 18 கிராம். குறைந்த 2 கிராம் சுண்ணாம்பு, அதாவது 10 சதவீதம். சிப்பித்துண்டு பெரிதாக இருந்தால் இரண்டு நாளில் முழுக்கக் கரையாது. அப்போது உண்மை அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

பிஎச் என்பது அமில-கார அளவு, 7-க்கு மேல் காரம். சுண்ணாம்பு அதை ஏற்றிவிடும், ஏறினால் இரும்பு வேருக்கு எட்டாது. அதைப் பார்த்தது இப்படி: மண் 20 கிராம், பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் 50 மில்லி, அரை மணி நேரம் இடைவிட்டுக் கலக்கி, வண்டல் படிந்ததும் மேல் தெளிவில் மீட்டர் முனை. சேற்றுக்குள் குத்தக் கூடாது. மீட்டரை 6.86, 9.18 பஃபர் பொடிகளில் (பிஎச் முன்பே தெரிந்த அளவுக் கரைசலுக்கான பொடி) சரிபார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் 250 மில்லி சுத்த நீரில். நம்மூர் மண் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் 4.01 பொடி இங்கே அவ்வளவு உதவாது. முனை காய்ந்துபோனால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. வேலை முடிந்ததும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கவும், சுத்த நீரில் வைத்தால் முனை கெடும். மண்ணில் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பிக் கருவி எதற்கும் ஆகாது. ஈரத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு எண் சொல்லும்.

மணல் 8.4 காட்டியது. கிணற்றுத் தண்ணீர் 7.8, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு, பிபிஎம் கணக்கில்) 900.

முதல் தொட்டி: கொல்லை மணல், தொழுவுரம் பாதிக்குப் பாதி. இரண்டாவது: அதே கலவையோடு, மண்ணில் அமிலமாக மாறும் கந்தகத் தூள் 20 கிராம். மூன்றாவது: செம்மண் 4 பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் 3, மக்கிய தொழுவுரம் 2, ஆற்றுமணல் 1, வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். மூன்றும் 12 அங்குல மண் தொட்டி. சிமெண்ட் தொட்டி இந்த வேலைக்கு வேண்டாம், அதுவே சுண்ணாம்பைக் கசியவிடும். செம்மண்ணையும் வினிகர் விட்டுப் பார்த்தே வாங்கவும், சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த லோடும் வருகிறது.

நார்த்தூளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடலோர மட்டையில் உப்பு ஏறியிருக்கும். 5 கிலோ கட்டியை ஊறவைத்து, வடியும் தண்ணீரில் டிடிஎஸ் பார்த்து, மூன்று முறை அலசியும் போதவில்லை. தூளோடு ஒட்டிய சோடியம் வெறும் தண்ணீரில் வராது. 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் திரும்ப அலசியபிறகுதான் வடிநீர் இறங்கியது. இதை விட்டுவிட்டால் முதல் மாதமே இலை ஓரம் கருகும். பலர் அதை உரம் அதிகமானது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆவணிக் கடைசி. கந்தகம் போட்ட தொட்டி 8.3. அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கணக்குப் போட்டால் வியப்பில்லை. 100 கிராம் சுண்ணாம்பைத் தீர்க்க 32 கிராம் கந்தகம் வேண்டும். 10 கிலோ மணலில் 1 கிலோ சுண்ணாம்பு இருந்தால் 320 கிராம், நாம் போட்டது 20. முழு அளவையும் கொட்டினால் தொட்டி ஜிப்சத்தால் (கால்சியம் சல்பேட்) நிரம்பும். இந்த மணலோடு மல்லுக்கு நிற்பது வீண், மாற்றிவிடுவதே மேல். ஜிப்சத்தை வாங்கிப் போட்டாலும் பிஎச் இறங்காது. சோடியம் ஏறிய களிமண்ணுக்குத்தான் அது மருந்து.

மூன்றாவது தொட்டி தொடக்கத்தில் 6.9, கொழுந்து பச்சை. புரட்டாசி நடுவில் திரும்பப் பார்த்தால் 7.8, மேல் இரண்டு இலை மஞ்சள்! மண் நல்ல மண், குற்றம் தண்ணீரில். தண்ணீரின் பிஎச் எண்ணை விட அதில் கரைந்த பைகார்பனேட்தான் மண்ணை ஏற்றுகிறது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கேஎச் (பைகார்பனேட் அளவு) சோதனைச் சொட்டு மருந்து போதும், ஒரு சொட்டுக்குச் சுமார் 18 பிபிஎம். நிறம் மாற 16 சொட்டு ஆனது, ஆக கிட்டத்தட்ட 290 பிபிஎம். தினமும் இரண்டு செம்பு ஊற்றினால் தினமும் சிறிது சுண்ணாம்பு போடுவதற்குச் சமம்.

10 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கலக்கி, குமிழ் அடங்கியபின் பார்த்தால் 6.5 அருகே நின்றது. ஆனால் இது தற்காலிகம். நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்பிவிடும். அப்பத்தா காலத்திலிருந்து கறிவேப்பிலைக்கு ஊற்றும் புளித்த மோரின் கதையும் இதுவே. பலன் உண்டு, ஆனால் நிற்காது. உப்புப் போட்ட மோரை மட்டும் ஊற்றாதீர்கள். துருப்பிடித்த ஆணி புதைப்பதால் பயனில்லை, மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் இரும்பும் துருதான். பழைய பேட்டரி அமிலத்தை யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கும், இலையோ சட்டிக்குப் போவது.

இரும்பு கொடுப்பதிலும் பெயர் பார்த்து வாங்க வேண்டும். இரும்பைக் கரைந்தபடி பிடித்து வைக்கும் கீலேட் உரங்களில் ஈடிடிஏ வகை நம் மண்ணின் பிஎச்சில் பிரிந்துவிடும். ஈடிடிஎச்ஏ வகைதான் 8-க்கு மேலும் தாங்கும். தொட்டிக்கு 2 கிராம், ஒரு லிட்டரில் கரைத்து மாலையில் வேரடியில் ஊற்றி மேலே மண் மூடவும், வெளிச்சம் பட்டால் வீணாகும். முதல் தொட்டியில் இப்படிச் செய்தபின் வந்த கொழுந்து பச்சை, பழைய மஞ்சள் இலை அப்படியே நின்றது. விலை கூடுதல் என்றால் இலைவழி: லிட்டருக்கு ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், பத்து நாள் இடைவெளியில் மூன்று தெளிப்பு. வெயிலில் தெளித்தால் துருப்புள்ளி விழும்.

தழைச்சத்துக்கு யூரியாவை மேலே தூவினால் இந்த மண்ணில் அம்மோனியாவாகப் பறக்கும். அம்மோனியம் சல்பேட் 3 கிராம் லிட்டரில் கரைத்து மாதம் ஒருமுறை போதும், அது கொஞ்சம் அமிலப் பக்கமும் இழுக்கும். மணிச்சத்து உரமான டிஏபி தேவையே இல்லை, மணிச்சத்து சுண்ணாம்போடு பிணைந்து கிடந்துவிடும். மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்த உரம்) செய்பவர்கள் பச்சை மீன் கழிவை மட்டும் எடுக்கவும். கருவாட்டுக் கழிவு போட்டால் உப்பைக் காசு கொடுத்து வாங்கிப் போட்ட கணக்கு.

உப்பு தனிப் பிரச்சினை. மிளகாய்க்குப் பாசன நீர் ஈசி (மின்கடத்தும் திறன், உப்பைக் காட்டும் அளவு) 1.0 வரை விளைச்சல் குறையாது, தக்காளிக்கு 1.7. மிளகாயின் அந்த அளவு டிடிஎஸ் மீட்டரில் ஏறக்குறைய 500. 900 உள்ள கிணறு மிளகாய்க்கு ஒத்துவராது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய் உள்ளே கரிசலில் மழையை நம்பி நிற்பது சும்மா இல்லை. கிணற்று நீரே கதி என்றால் ஒவ்வொரு முறையும் அடியில் ஐந்தில் ஒரு பங்கு வடியும்படி ஊற்றவும். அடித் தட்டை எடுத்துவிடவும், வடிந்ததைச் செடி திரும்பக் குடிக்கக் கூடாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் இலையில் உப்பு படியும், வாரம் இருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் ஓரம் கருகாது.

ஐப்பசி மழை. 100 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். 200 லிட்டர் டிரம் இரண்டும் முதல் வாரமே நிரம்பின. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த தண்ணீர் டிடிஎஸ் 30-க்குள். மூன்றாவது தொட்டிக்கு அதை மட்டும் ஊற்றினோம்.

மார்கழி இரண்டாம் வாரம்: முதல் தொட்டி 8.4, இரண்டாவது 8.2, மூன்றாவது 7.2. மூன்றாவதில் நான்கு புதுக் கிளை, மஞ்சள் இல்லை. டிரம்மில் 140 லிட்டர் மிச்சம். அது மாசி வரை வந்தால் அதிகம், அதன்பின் கிணற்று நீரில் சிட்ரிக் கலந்து, மாதம் ஒருமுறை வடிநீர் பிஎச் பார்த்துப் போகவேண்டியதுதான். இரண்டாவது தொட்டி மண்ணைக் கொட்டி, அதிலேயே முருங்கைக் குச்சி நட்டாயிற்று. அதற்கு இந்த மணல் பிடிக்கும்.