ஒண்ணும் இல்ல சார்னு அவன் சொன்னான், நான் நம்பிட்டேன்

போன வருஷம் புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, நான் கோச்சா இருக்கற 13 வயசுக்கு உட்பட்ட பசங்களுக்கு ஒரு ஃபுட்பால் ஃப்ரெண்ட்லி மேட்ச் வச்சிருந்தோம். கார்னர் கிக் உள்ள வந்துச்சு, நம்ம பையன் ஒருத்தனும் எதிர் டீம் பையனும் ஒரே பந்துக்கு எகிறுனாங்க, ரெண்டு மண்டையும் மோதுன சத்தம் கோட்டுக்கு வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு. நான் ஓடிப்போய் தூக்கி விட்டு "என்னடா, ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார்"னான். மூஞ்சியில தண்ணி அடிச்சு, முதுகுல ஒட்டுன செம்மண்ண தட்டி விட்டு, போடான்னு திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் 20 நிமிஷம் விளையாடுனான். நடுவுல ஒரு தடவ என்கிட்ட வந்து "சார் நாம எத்தனை கோல்?"னு கேட்டான், ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடிதான் அவன் கண்ணு முன்னாலயே கோல் விழுந்திருந்துச்சு, அப்பவும் எனக்கு உறைக்கல. மேட்ச் முடிஞ்சு டீக்கடையில வடை வாங்கிக் கொடுத்தப்பதான் வாந்தி எடுத்தான். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தக்கசிவு இல்லன்னாங்க, மூளை அதிர்ந்திருக்கு, கன்கஷன்னு டாக்டர் சொன்னாரு. அவர் என்கிட்ட கேட்ட மொத கேள்வி, "அடி பட்ட உடனே வெளிய உக்கார வச்சீங்களா?"

அவன் இப்ப நல்லா இருக்கான், விளையாடுறான். ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. அவங்க அப்பத்தா ஆஸ்பத்திரி வராண்டாவுல என் கையப் புடிச்சுக்கிட்டு "நீ பாத்துக்குவேன்னுதானப்பா அனுப்புனோம்"னு சொன்னாக, கோவமா சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

யோசிச்சுப் பாத்தா நான் கேட்ட கேள்வியே தப்பு. "ஒண்ணும் ஆகலையே"ன்னு கேட்டா அந்தக் கேள்விக்குள்ளயே பதிலும் இருக்கு, புள்ளை அதத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். வலிக்குதுன்னு சொன்னா வெளிய உக்கார வச்சிருவாங்க, அடுத்த மேட்சுக்கு எடுக்க மாட்டாங்க, பயந்தாங்கொள்ளின்னு கூட்டாளிங்க சொல்லுவாங்கன்னு அதுக்குத் தெரியும். நம்ம பக்கம் வேற, சிராவயல் மஞ்சுவிரட்டு பாத்து வளந்த ஆளுங்க நாம, கீழ விழுந்தா தொடச்சிட்டு எந்திரிக்கறதுதான் வீரம்னு சின்ன வயசுலேர்ந்தே உள்ள ஊறிப் போயிருக்கு. நான் அத தப்புன்னு சொல்லல. முட்டிக்கால் சிராய்ப்புக்கு அது சரி, மண்டைக்கு அது சரி இல்ல. 12 வயசுப் புள்ளை சொல்ற "ஒண்ணும் இல்ல"ங்கறத வச்சு பெரியவங்க முடிவெடுக்கக் கூடாது, நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான், இனிமே எழுதுறது எல்லாம் இதுலேர்ந்து வந்ததுதான்.

கன்கஷனப் பத்தி அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன், டாக்டர்கிட்டயும் ரெண்டு தடவ போய்க் கேட்டேன். மயங்கி விழுந்தாத்தான் மூளையில அடின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அப்படி இல்லையாம், கன்கஷன் ஆனவங்கள்ல நிறைய பேருக்கு மயக்கமே வராது. ஸ்கேன்லயும் தெரியாது, ஸ்கேன் எடுக்கறது ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான். நாம பாக்க வேண்டியது புள்ளையத்தான். தலைவலி, தலைசுத்தல், வெளிச்சம் கூசுறது, தடுமாறி நடக்கறது, கேட்டதையே கேக்கறது, ஒரு மாதிரி மந்தமா நிக்கறது, காரணமே இல்லாம அழறது. "இது எந்த கிரவுண்டு, இது ஃபர்ஸ்ட் ஹாஃபா செகண்ட் ஹாஃபா, கடைசி கோல் யார் போட்டது"ன்னு கேக்கணும், பதில் தடுமாறுனா வெளிய எடுக்கணும். பதில் சரியா இருந்தாலும் சந்தேகம் இருந்தா வெளியதான், அன்னைக்குத் திரும்ப உள்ள அனுப்பவே கூடாது. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, எழுப்ப எழுப்பத் தூங்குனாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் மரத்துப் போனாலோ 108-ஐக் கூப்பிடணும், காத்திருக்கக் கூடாது. முதல் அடி ஆறறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அபூர்வம்தான், ஆனா அது சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் அதிகம் நடந்திருக்குன்னு படிச்சப்ப, அந்த 20 நிமிஷம் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துச்சு.

பிரிட்டன்ல 2023ல உள்ளூர் அளவு விளையாட்டுக்கு ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, அதுல கன்கஷன் ஆனவங்க அடி பட்டதுலேர்ந்து 21 நாளைக்கு முன்னாடி போட்டிக்குத் திரும்பக் கூடாதுன்னு இருக்கு, மோதல் இருக்கற பயிற்சிக்கே 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாம இருந்திருக்கணும். நாங்க அதையே எடுத்துக்கிட்டோம், நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கறோம். பந்த தலையால முட்டற ஹெட்டிங்கும் நிறுத்தியாச்சு. அமெரிக்காவுல 2015லயே 10 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு ஹெட்டிங் வேண்டாம்னு அவங்க கால்பந்து சங்கம் முடிவு பண்ணிருச்சு, இங்கிலாந்துல 2020ல ஆரம்பப்பள்ளி வயசுப் பசங்களுக்குப் பயிற்சியில ஹெட்டிங் வேண்டாம்னாங்க. நம்ம ஊர்ல பாதி நேரம் காத்து ஓவரா அடிச்ச கல்லு மாதிரி பந்து, அத மண்டையால முட்டச் சொல்லி நாமளே கத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தோம்.

எல்லாத்தையும் விட எங்களுக்கு உதவுனது வேற ஒண்ணு. நிறுத்தறதுக்குன்னு ஒரு ஆள் வச்சோம். கோச் கிடையாது. கோச்சுக்கு ஜெயிக்கணும்னு இருக்கும், எனக்கும் இருந்துச்சு, 1-1ல நிக்கும்போது நல்லா ஆடுற பையன வெளிய எடுக்க மனசு வராது, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால ஒரு பையனோட அம்மாகிட்ட ஒரு விசிலக் கொடுத்தோம், ஜவுளிக்கடையில வேலை பாக்குறவங்க, ஃபுட்பால் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அதுதான் வேணும். அவங்க விசில் அடிச்சா ஆட்டம் நிக்கும், "இந்தப் புள்ளை வெளிய"ன்னா வெளியதான், மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெஃப்ரிகிட்டயும் எதிர் டீம்கிட்டயும் சொல்லிருவோம். மொத தடவ ஒரு அப்பா சண்டைக்கு வந்தாரு, "எம்புள்ளைய எனக்குத் தெரியாதா"ன்னு. அந்த அம்மா அசையவே இல்ல, "இருங்கண்ணே, மொத உக்காந்து தண்ணி குடிக்கட்டும்"னாங்க. இப்ப அந்த அப்பாதான் அவங்க வராத நாளுக்கு விசில் வாங்கிக்கறாரு.

அடுத்து கோல் போஸ்ட். இதப் பத்தி யாருமே பேசறதில்லைன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். எங்க போஸ்ட் உள்ளூர் வெல்டிங் பட்டறையில ஜி.ஐ. பைப்புல அடிச்சது, நாலு பேர் சேந்தாத்தான் தூக்க முடியும், சும்மா தரையில வச்சிருந்தோம். பசங்க குறுக்குக் கம்பியில தொங்குவாங்க, நாங்களும் பாத்துக்கிட்டு நிப்போம். ஒரு நாள் ராத்திரி காத்துல தானா குப்புற விழுந்து கெடந்துச்சு, காலையில வந்து பாத்தா கோல்கீப்பர் நிக்கற எடத்துல அந்தக் கம்பி மண்ணுல பதிஞ்சு கெடக்கு. உலகத்துல பல ஊர்ல இப்படி போஸ்ட் சாஞ்சு புள்ளைங்க செத்திருக்கு. ஆட்ட விதிகள்ல முதல் விதியிலயே கோல் தரையோட உறுதியா கட்டப்பட்டிருக்கணும்னு இருக்கு, ஒரு பக்கமா நகத்தி வச்சுக்கற போஸ்ட்டா இருந்தாலும் அப்படித்தான். இப்ப குழி வெட்டி காங்கிரீட் போட்டு பெரிய பைப்ப நட்டு அதுக்குள்ள போஸ்ட்ட எறக்கிட்டோம், நம்ம செம்புராங்கல் தரையில ரெண்டடி வெட்டறதுக்கு கடப்பாரையோட ஒரு நாள் முழுக்க ஆச்சு. பயிற்சிக்கு வைக்கற சின்ன போஸ்ட்டுக்கு பின்னாடி கம்பியில மணல் மூட்டை. தொங்குனா அன்னைக்கு ஆட்டம் கிடையாது.

வெயில். காரைக்குடி பக்கம் சித்திரை வைகாசியில எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம், லீவு விட்டாத்தான் கேம்ப் நடத்த முடியும், லீவு விடறதே அந்த ரெண்டு மாசந்தான். காலையில 6லேர்ந்து 8, சாயங்காலம் 5 மணிக்கு மேல, நடுவுல கிடையாது. "வேர்த்துக் கொட்டறப்ப தண்ணி குடிக்காத, குத்தும்"னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, நாங்க அப்படியே அடுத்தவங்களுக்குச் சொன்னோம், அது சரியில்ல, கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கணும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லன்னா 1 லிட்டர் தண்ணியில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போடணும், உப்ப கையால அள்ளிப் போடக் கூடாது. வெயில்ல ஆடிட்டு ஒரு புள்ளை உளற ஆரம்பிச்சா, நிக்க முடியாம சரிஞ்சா, உடம்பு கொதிச்சா, 108-ஐக் கூப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் சும்மா விசிறிக்கிட்டு நிக்காம நெழலுக்குத் தூக்கி தண்ணிய உடம்பு முழுக்க ஊத்திக்கிட்டே இருக்கணும், தொட்டி இருந்தா தலையப் புடிச்சுக்கிட்டு கழுத்து வரைக்கும் எறக்கலாம். மொத குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டி. நினைவு தடுமாறுற புள்ளை வாயில தண்ணி ஊத்தாதீங்க.

இதுல எனக்கு எட்டாத ஒரு விஷயம் இருந்துச்சு. பொம்பளப் புள்ளைங்க எட்டு பேர் வர்றாங்க, அவங்க மட்டும் எப்பப் பாத்தாலும் சீக்கிரம் சோந்து போயிருவாங்க, தலைவலிங்கும், ஒண்ணு ரெண்டு மயங்கி உக்காந்துரும். நான் சாப்பாடு பத்தலன்னு நெனச்சு கடலை மிட்டாய் வாங்கி வச்சேன். என் வீட்டுக்காரிதான் ஒரு நாள் அவங்களோட உக்காந்து பேசிட்டு வந்து சொன்னா, கிரவுண்டுல பாத்ரூம் இல்ல, அதனால மத்தியானத்துலேர்ந்தே தண்ணி குடிக்காம வர்றாங்கன்னு. நான் ரெண்டு வருஷமா பக்கத்துல நின்னும் எனக்குத் தெரியல, அவங்க என்கிட்ட சொல்லவும் முடியாது. பக்கத்துத் தெருவுல ஒரு பெரிய வீடு, மூணு கட்டு வீடு, வீட்டுக்காரவுக எல்லாம் சென்னையில, ஒரு ஆச்சி மட்டும் இருக்காக. போய்க் கேட்டோம். "இம்புட்டு வீடு சும்மாதானப்பா பூட்டிக் கெடக்கு"ன்னு பின்கட்டு கதவத் தெறந்து விட்டாக, இப்ப அங்க ஒரு டப்பாவுல நாப்கினும் வச்சிருக்கோம். புள்ளைங்க தண்ணி குடிக்குதுங்க, மயக்கம் போச்சு. டேங்கு, ஐஸ் பாக்ஸ், குடைன்னு நாங்க செலவு பண்ணது எல்லாத்தையும் விட அந்தக் கதவுதான் பெருசுன்னு நான் நெனைக்கறேன்.

கால் அடி விஷயத்துல ஒண்ணு மட்டும் சொல்றேன், கால் பெரண்டுட்டா உடனே எண்ணெய் போட்டு நீவி விடாதீங்க. நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் சுளுக்கு எடுக்கத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருப்பாரு, அன்பாத்தான் செய்வாங்க, ஆனா மொத ரெண்டு நாள் நீவுனா, சூடு கொடுத்தா வீக்கம் கூடத்தான் செய்யும். துணி சுத்துன ஐஸ் 15-20 நிமிஷம், காலத் தூக்கி வைக்கறது, ஊன விடாதது. வளர்ற புள்ளைங்களுக்கு எலும்பு முனையில வளர்ச்சித் தட்டுன்னு மென்மையான பகுதி இருக்கு, பெரியவங்களுக்கு சுளுக்கா போறது புள்ளைக்கு அந்த எடத்துல முறிவா இருக்கலாம், அத நீவி விட்டா பின்னாடி கால் வளர்றதே கோணலாகலாம். ஊன்றி நாலு அடி நடக்க முடியலன்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்.

முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் கட்டற ஷின் பேட் இல்லாம யாரும் எறங்கக் கூடாது, ஆட்ட விதிகள்ல விதி 4ல கட்டாயம்னு இருக்கு. அதே விதியில எந்த நகையும் கூடாது, டேப் போட்டு மறைச்சாலும் கூடாதுன்னு இருக்கு. கம்மல், காப்பு, கழுத்துக் கயிறு, தாயத்து. தாயத்த கழட்டச் சொன்னா சில வீட்ல மனசு சங்கடப்படுறாங்க, அது நியாயந்தான், அதனால ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வாங்கி, குங்குமம் வச்சு, கழட்டுனத அதுல வச்சு அவங்க அம்மா கையிலயே கொடுத்துருவோம். இப்ப யாரும் எதுவும் சொல்றதில்ல.

சீமைக்கருவேல முள்ளு, துரு புடிச்ச வேலிக் கம்பி இருக்கற எடம், அதனால 10 வயசுலயும் 16 வயசுலயும் போடற டி.டி. ஊசி போட்டாச்சான்னு அட்டையப் பாத்துத்தான் சேக்கறோம். நாய் கடிச்சா, பல்லு லேசா பட்டாக் கூட, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி. ஐப்பசியில இடி கேட்டா எல்லாரும் கட்டடத்துக்குள்ள, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் வெளிய, புளியமரத்தடி வேண்டவே வேண்டாம்.

அப்புறம் குட்டியானை. தேவகோட்டைக்கு மேட்ச்னா 20 புள்ளைங்கள குட்டியானையில பின்னாடி ஏத்திக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டுப் போறது நம்ம பக்கம் சாதாரணம், நானும் அப்படித்தான் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது சட்டப்படியே தப்பு, ஒரு பிரேக் போட்டா புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப வேன், இல்லன்னா பஸ். காசு சேரலன்னா அந்த மேட்சுக்குப் போறதில்ல, பசங்க மூஞ்சி தொங்கிப் போகும், பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும். எந்தப் புள்ளையும் ஒரே ஒரு பெரியவரோட தனியா வண்டியிலயோ ரூம்லயோ இருக்கக் கூடாது, நான் உட்பட, எப்பவும் ரெண்டு பேர். குழந்தைங்க உதவிக்குக் கூப்பிடற 1098 நம்பர கிரவுண்டு செவுத்துல பெருசா பெயிண்ட்ல எழுதி, அது எதுக்குன்னு புள்ளைங்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கோம்.

ஒண்ணு மட்டும் இன்னும் பாக்கி. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன்ல டென்மார்க் பின்லாந்து மேட்ச்ல டென்மார்க் ஆட்டக்காரர் எரிக்சன் யாரும் தொடாமலே சரிஞ்சு விழுந்தத நீங்களும் டிவியில பாத்திருப்பீங்க. அவங்க கேப்டன் சைமன் கேர் ஓடி வந்தாரு, மருத்துவக் குழு மைதானத்துலயே நெஞ்ச அமுக்கி ஷாக் கொடுத்து உயிரக் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே அவர் திரும்ப ஆடுனாரு. எங்க கிரவுண்டுல அந்த மிஷின் இல்ல, வாங்கற அளவு காசும் இல்ல. ஆனா கையால அமுக்கறது எல்லாருக்கும் முடியும், நெஞ்சு நடுவுல, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவ, 108 வர்ற வரைக்கும் நிறுத்தாம. எழுதிப் படிச்சா கை பழகாது, பொம்மைய வச்சு செஞ்சு பாக்கணும். காரைக்குடி, கோட்டையூர், புதுவயல் பக்கம் இத முறையா கத்துக் கொடுக்கத் தெரிஞ்ச நர்ஸோ டாக்டரோ யாராவது இதப் படிச்சா தயவு செஞ்சு கமெண்ட்ல சொல்லுங்க. அப்பா அம்மா 14 பேர் தயாரா இருக்காங்க, எந்த ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் சரி, காலையில 7 மணிக்கு ஆச்சி வீட்டு முகப்புல பாய் விரிச்சு வச்சிருவோம்.