கடைமடையில் கீதை

ஜூலை 20, ஞாயிறு

கீதை வகுப்பில் இன்று பதினெட்டாம் அத்தியாயம். தியாகம் மூன்று வகை என்று வரும் இடம். செய்ய வேண்டிய வேலையை மயக்கத்தில் விடுவது தாமசம். உடம்பு நோகுமே என்று பயந்து விடுவது ராஜசம். வேலையைச் செய்துகொண்டே ஒட்டுதலையும் பலனையும் விடுவது சாத்விகம். ஆக, மூன்றில் ஒன்றில்தான் வேலை நடக்கிறது. "எல்லாத்தையும் விட்டாச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களை இதில் எந்த வகையில் சேர்ப்பது என்று யோசித்தேன். வகுப்பில் சொல்லவில்லை. பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

சாயங்காலம் வயலுக்குப் போனேன். கன்னிப்பூ நெல் தூர் கட்டுகிற நேரம், மண் வெடிப்பு விட்டிருக்கிறது. அனந்தனார் சானலில் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. நம்ம கடைமடைக்கு வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது. மேல்மடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலை அடைத்திருக்கிறார். சாக்கில் மண் நிரப்பிப் போட்டு, இடுக்குக்கு வாழைத்தடையை வெட்டிச் செருகி, மேலே சேறு பூசி மெழுகிய வேலை. ஒரு சொட்டு கசியவில்லை. நேர்த்தியை மெச்சத்தான் வேண்டும்.

போய்க் கேட்டேன். அவரும் நம்ம வகுப்புக்கு வருகிறவர்தான். "அண்ணாச்சி, பற்று இல்லாம இருக்கணும்னு அங்க பேசிட்டு, இங்க தண்ணிக்குச் சண்டைக்கு வரலாமா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அடுத்தவனைப் பற்று விடச் சொல்வதில் நம்ம ஊரில் யாருக்கும் கஞ்சத்தனம் கிடையாது. அர்ஜுனனும் துறவு பேசியவன்தானே? பெரியவர்களைக் கொல்வதைவிடப் பிச்சை எடுத்துச் சாப்பிடலாம் என்றவன் அவன். கிருஷ்ணர் அதைக் கேட்டு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பவில்லை. எழுந்திரு என்றார்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கன்னியாகுமரி. நல்ல கூட்டம். ஈரவேட்டியோடு நின்று பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விவேகானந்தர் இங்கே வந்தது 1892 டிசம்பரில். அதைப் பற்றி 1894-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதத்தில் எழுதுகிறார். இத்தனை சந்நியாசிகள் ஊர் ஊராகச் சுற்றி ஜனங்களுக்குத் தத்துவம் போதிக்கிறோமே, இது பைத்தியக்காரத்தனம், காலி வயிற்றுக்கு மதம் ஆகாது என்று குருதேவர் சொல்லவில்லையா என்று கேட்கிறார். எல்லாம் துறந்த மனிதர், கடைசிப் பாறையில் உட்கார்ந்து போட்ட கணக்கு அடுத்தவன் சோற்றைப் பற்றியது. பாறைக்குப் படகில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதையும் யாராவது சொல்லலாம்.

ஜூலை 27, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. பாசன சங்கத்தில் பேச்சு. சித்தப்பா சத்தம் போட்டார், நான் போடவில்லை. ஆனால் உள்ளே கொதிப்பு இருந்தது. என் எழுபது சென்டுக்காகவா, கடைமடை நியாயத்துக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஜனகரைக் காட்டி, உலகம் கட்டுக்குலையாமல் இருப்பதற்காகவாவது வேலை செய் என்று வருகிறது. ஜனகருக்கு மேல்மடை, கீழ்மடைத் தகராறு இருந்திருக்காது. என் வயல் நனைந்த பிறகும் இந்தப் பேச்சைப் பேசுவேனா? அதில்தான் தெரியும்.

ஒருவழியாக முறை வைத்தார்கள். மேல்மடைக்காரருக்குப் பகல். கடைமடையில் எனக்கு ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அப்புறம் எனக்குக் கீழே மைனிக்கு (அண்ணிக்கு).

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேற்று ராத்திரி நம்ம முறை. டார்ச்சும் மம்பட்டியுமாக சித்தப்பாவும் நானும் வரப்பில். தண்ணீர் மெல்லத்தான் வந்தது. வெடிப்பெல்லாம் குடித்து முடிக்கவே பத்தரை ஆகிவிட்டது. ஒரு மணிக்குத் தெற்கு மூலை இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

"ஒரு அரை மணி நேரம்டே. அவ தூங்கிட்டிருப்பா, யாருக்குத் தெரியும்?" என்றார் சித்தப்பா.

மடையை அடைக்க எனக்கும் கை மம்பட்டிக்குப் போகவில்லை, அது உண்மை. அரை மணி என்பது மேல்மடைக்காரரும் முதலில் எடுத்துக்கொண்ட அளவாக இருந்திருக்கும். மடையை அடைத்துவிட்டு மைனியை போனில் எழுப்பினேன். "இப்பவா?" என்று அலுத்துக்கொண்டே வந்தாள். தெற்கு மூலை அடுத்த முறைக்குத்தான். சித்தப்பா வீடு வரை என்னோடு பேசவில்லை.