சாக்பீஸ் நுரைக்காத நாள்

பாறைப் பாடம் வந்தாலே என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். தீப்பாறை, படிவுப்பாறை என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் கொட்டாவி. நாகர்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு.

அப்போதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிறுவர் நூல்களைத் தேடிப் படித்தேன். கிடியன் மாண்டல் என்ற மருத்துவர் ஒரு கூழாங்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு 1836-இல் ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். சார்லஸ் கிங்ஸ்லி பாதிரியாரின் 1870-ஆம் ஆண்டு நூலில் இரண்டு பெண்கள்: ‘எப்படி’ அம்மா, ‘ஏன்’ சீமாட்டி. எரிமலை, பனியாறு எல்லாம் ‘எப்படி’ அம்மாவின் கைவேலை; அவை எதற்காக என்பது ‘ஏன்’ சீமாட்டிக்குத்தான் தெரியும். உபதேசம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் தெருவில் போகிற சுண்ணக்கல் வண்டியில் தொடங்கிப் பழைய கடலின் அடிக்கே போய்விடுகிறார் மனிதர்.

சரி, நாமும் செய்வோம் என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன். “இது கடல் உயிர்களின் ஓடு. வினிகர் விட்டால் நுரைக்கும் பாருங்க.” விட்டேன். சாக்பீஸ் ஊறியது, அவ்வளவுதான்.

“ஒண்ணும் வரல்லியே டீச்சர்.”

இப்போது கடையில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் என்ற வேறு தாது; சுண்ணக்கல் போல வினிகருக்கு நுரைக்காது. அது எனக்கு வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்துப் பையனுக்கு வாசலிலேயே சுண்ணக்கல் மலை. நான் அவன் வாசலை இங்கே தேடியிருக்கிறேன்.

மறுநாள் முட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை சிப்பி கொண்டுவந்தாள். நுணுக்கி வினிகர் விட்டோம். பொடியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள். கடைசி பெஞ்சே எழுந்து வந்துவிட்டது.

அப்புறம் ஒருவன் கன்னியாகுமரியில் விற்கும் மணல் பாக்கெட்டை நீட்டினான். குமரியம்மன் கல்யாணம் நின்றுபோனதும் மணலாகிவிட்ட அரிசி என்று பாட்டி சொன்னாளாம். வெள்ளை மணிகளில் வினிகர் விட்டோம். அசையவில்லை. குவார்ட்ஸ், பாறை தேய்ந்து மிஞ்சியது என்றேன். சிவப்பு மணி கார்னெட் என்ற தாது, கறுப்பு இல்மனைட் என்ற தாது. மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்துப் பிரிக்கிறார்களே, அதுதான். பாட்டி சொன்னது ‘ஏன்’ சீமாட்டியின் கணக்கில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்கெட்டை மடித்துக்கொண்டே அவன் சொன்னான்: “பாட்டிக்கிட்ட சொல்லாண்டாம் டீச்சர்.”