எச்.ஐ. பிராக்டிகல்: பட்டனைப் பார்த்ததும் பாசிட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள்

மைக்ரோபயாலஜி பிராக்டிகல் நெருங்கினால் ஜூனியர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "அண்ணா, எச்.ஐ. விழுந்தா என்ன பண்றது?" எச்.ஐ. என்றால் ஹீமாக்ளூட்டினேஷன் இன்ஹிபிஷன்: வைரஸ் ரத்த அணுக்களை ஒட்ட வைப்பதை சீரம் தடுக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் நானும் சீனியர்களைப் பிடித்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கை வேலை ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. பிளேட்டை வாசிப்பதிலும் கன்ட்ரோல் வைப்பதிலும்தான் மார்க் போகிறது.

அடிப்படை இதுதான். சில வைரஸ்கள் ரத்தச் சிவப்பணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். 1941ல் ஹிர்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்தது, இன்ஃபுளுயன்சா ஏற்றிய கோழிக்கருவில் ரத்தக்குழாய் அறுந்து முட்டைத் திரவத்தில் ரத்தம் கலந்தபோது. சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) அந்த வைரஸுக்கான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், இருந்தால் வைரஸால் அணுக்களைக் கோக்க முடியாது. அவை அடியில் போய்ப் பொட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். இந்தப் பொட்டைத்தான் பட்டன் என்கிறோம். ஆக, பட்டன் விழுந்தால் ஆன்டிபாடி உண்டு, விரிந்து படர்ந்தால் இல்லை. எச்.ஏ. டெஸ்டில் (வைரஸ் அணுக்களை ஒட்ட வைக்கிறதா என்று மட்டும் பார்ப்பது) படர்வதுதான் பாசிட்டிவ் என்று படித்துவிட்டு வருவதால் பரீட்சைப் பதற்றத்தில் பலர் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.

நம் பக்கம் பெரும்பாலும் கொடுப்பது கோழிகளுக்கு வரும் வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். முதலில் ஆன்டிஜெனுக்கு, அதாவது டெஸ்டுக்குக் கொடுத்த வைரஸுக்கு, எச்.ஏ. பாருங்கள். 1/64 வரை முழுசாகப் படர்ந்தால் அந்தக் கடைசிக் குழியில் இருப்பது 1 எச்.ஏ. யூனிட்; 64ஐ நாலால் வகுத்து 1/16 ஆக நீர்த்தால் 4 எச்.ஏ. யூனிட். அப்புறம் நாலு யூனிட் சரிதானா என்று பார்க்க பேக் டைட்ரேஷன் போடுங்கள். இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போனால் முதல் இரண்டு குழியில் மட்டும் முழுசாகப் படர வேண்டும். மூன்றாவதிலும் படர்ந்தால் ஆன்டிஜென் கூடிப்போச்சு, டைட்டர் (தடுப்பு தெரிகிற கடைசி சீர நீர்ப்பு) குறைவாகக் காட்டும். முதல் குழியோடு நின்றால் டைட்டர் பொய்யாக ஏறும். 'ஏன் சரியாக நாலு யூனிட்?' என்று வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

வி வடிவக் குழி பிளேட்டில் எல்லாக் குழியிலும் 25 மைக்ரோலிட்டர் பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல். முதல் குழியில் அதே அளவு சீரம் விட்டு, கலந்து, அடுத்தடுத்து மாற்றிக்கொண்டே போங்கள். பிறகு 25 ஆன்டிஜென், அரை மணி நேரம் காத்திருப்பு. அதன் பிறகு மூன்று முறை கழுவிய கோழி ஆர்.பி.சி. (சிவப்பணு) 1 சதவீதம், 25. நாற்பது நிமிடத்தில் வாசிக்கலாம் என்று மேனுவல் சொல்வது 20 டிகிரி அறைக்கு. சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் அந்தக் கணக்கு எடுபடாது. இந்த வைரஸிடம் நியூராமினிடேஸ் இருப்பதால், சூடு ஏறினால் பிடித்த அணுக்களை அதுவே விட்டுவிடும்; படர்ந்தது சரிந்து பட்டன் மாதிரி தெரியும். பிளேட்டை 4 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

வாசிக்கும்போது பிளேட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். அணுவும் பி.பி.எஸ்.ஸும் மட்டும் உள்ள ஆர்.பி.சி. கன்ட்ரோல் குழியில் பட்டன் கண்ணீர்த்துளி போல வழியும். அதே வேகத்தில் வழிகிற குழிதான் தடுப்பு. ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1/16, அல்லது அதற்கு மேல் வந்தால் பாசிட்டிவ். ஆனால் தடுப்பூசி போட்ட கோழிக்கும் டைட்டர் வரும். ஒரே சீரத்தை வைத்து நோய் என்று அடித்துச் சொன்னால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு மூன்று வார இடைவெளியில் எடுத்த ஜோடி சீரத்தில் நாலு மடங்கு ஏற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்: வாத்து சீரம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு மேய்க்கிற வாத்துகளிடம் எடுத்த சாம்பிளைப் பிளேட்டில் போட்டால், ஆன்டிஜென் இல்லாத சீரம் கன்ட்ரோல் குழியே படர்ந்து கிடக்கும். வாத்து சீரத்துக்குக் கோழி அணுக்களை நேரடியாகவே ஒட்ட வைக்கிற குணம் இருக்கலாம். அரை மில்லி சீரத்தில் 25 மைக்ரோலிட்டர் கெட்டியான கோழி ஆர்.பி.சி.யைக் கலந்து, அரை மணி விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் சீரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதை வாய்விட்டுச் சொல்கிற மாணவர் உண்மையிலேயே பெஞ்சில் நின்றவர் என்று எக்ஸாமினருக்குப் புரிந்துவிடும்.

எந்த பாக்டீரியாவுக்கு எச்.ஐ. போடலாம் என்று கேட்டால் மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம், கோழிச் சளிநோயான கொரைசா, இரண்டையும் சொல்லுங்கள். மனிதர்களில் இன்ஃபுளுயன்சாவுக்கு 1/40 டைட்டரைப் பாதி பேருக்காவது பாதுகாப்பு தரும் அளவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ரூபெல்லாவுக்கும் ஒரு காலத்தில் இதுதான் முதன்மை டெஸ்ட். சிபிலிஸுக்கான டி.பி.எச்.ஏ.வை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது ஆன்டிஜென் பூசிய அணுக்களை ஆன்டிபாடி கோக்கிற டெஸ்ட். அங்கே படர்ந்தால்தான் பாசிட்டிவ்.

ரெக்கார்டில் டைட்டரை 1/16 என்றோ லாக் 2 கணக்கில் 4 என்றோ எழுதலாம். எதுவானாலும் கடைசி வரை ஒரே முறையில் எழுதுங்கள், பக்கத்திலேயே ஆர்.பி.சி. கன்ட்ரோல், பாசிட்டிவ், நெகட்டிவ் சீரம், பேக் டைட்ரேஷன் எல்லாவற்றின் முடிவையும் குறித்துவிடுங்கள்.